கலிங்கத்துப்பரணியின் வேடப்பகுதி: நகையும் வரலாறும்

போரைப் பாடும் தமிழ் நூல்கள் பல. அவற்றுள் போர்க்களத்திலேயே நகைச்சுவையை நிறையப் பெய்து பாடப்பெற்றது சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. 13 பகுதிகளையும் ஏறத்தாழ 600 தாழிசைகளையும் உடைய அந்நூலுள், கற்றோர் கூடும் அவைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவதும், சொல் சொல்லாகப் பிரித்துச் சுவைக்கப்படுவதும் ஒரு சிறு பகுதியேயாகும். தோற்றோடிய கலிங்க வீரர் வேடம் பூண்டு உயிர் பிழைத்ததைக் கூறும் பகுதி அது. நான்கு தாழிசைகளுள் அடங்கும் அப்பகுதியைப் படித்து நகையாதார் இலர். ஆயினும் வரலாறு எழுதுவோர் அதனைக் கவிஞர் கற்பனை என்று விலக்கிவிட்டு, இராச பாரம்பரியம் போன்ற பகுதிகளையே சான்றாகக் கொள்வர். 1890ஆம் ஆண்டில் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் இந்நூலை வரலாற்றுலகுக்கு அறிமுகம் செய்த வி. கனகசபைப் பிள்ளை காலந்தொட்டே இப்போக்கு நிலவி வருகின்றது. நகைப்பகுதி வரலாற்றுக்கு உதவுமா என்பதே ஈண்டு யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இடமும் காலமும்

முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிருந்து, 1995இல் பெரம்பலூர் மாவட்டமாகவும், அதனின்றும் பிரிந்து 2007இல் அரியலூர் மாவட்டமாகவும் நிலைபெற்ற நிலப்பகுதியில், கங்கைகொண்ட சோழபுரம் அமைந்துள்ளது. முதல் இராசேந்திரன் அமைத்த அத்தலைநகரே முதல் குலோத்துங்கனுக்கும் தலைநகராயிற்று. அதனை அடுத்துள்ள செயங்கொண்டம் என்னும் ஊர்ப்பெயரைக் கண்டு புலவரை அவ்வூரினர் எனக் கருதுவாரும் உளர். அது பொருந்தாது. செயங்கொண்டான் என்பது முதல் இராசராசனின் விருதுப்பெயர். ஊர்ப்பெயர் அவ்வழி வந்தது. புலவர் தீபங்குடியினர் என்பதே வழங்கிவரும் செய்தி.

கலிங்கம் இத்தலைநகர மாந்தர்க்குப் புதிய பெயரன்று. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த செங்கமேட்டில் இன்றும் காணப்படும் செம்மணற்கற் சிற்பங்கள் கலிங்கக் கைவண்ணத்தன. இராசேந்திரன் காலத்து வெற்றிப் பொருள்களாக வந்தவை என்பர் ஆய்வாளர். அவ்வெற்றிக்குப் பல பத்தாண்டுகள் பின்னர், கி.பி. 1110ஐ ஒட்டி, குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் நடத்திய கலிங்கப் போரே பரணியின் பொருள். அரசன் காஞ்சியில் வீற்றிருந்தபோது, கலிங்க வேந்தன் திறை செலுத்தவில்லை என்பது அறிந்து படையை ஏவினான் என்று நூல் கூறுகின்றது. அவ்வேந்தன் அனந்தவர்மன் சோடகங்கன். அவன் தாய் இராசசுந்தரி சோழர் குலமகள். பகைவனும் உறவினனே என்பதை நினைவிற் கொள்க.

நான்கு வேடங்கள்

இனி வேடப்பகுதியைக் கூர்ந்து நோக்குவாம். முதலாவது கூட்டத்தார் அமணராயினர். ஓடும் படைவீரனுக்கு மயிர் பறித்துக்கொள்ள நேரம் ஏது என்று வினவுவார்க்கு நூலிலேயே விடை உண்டு. அடர்ந்த தூறுகளினூடே ஓடியபோது முட்களே அவர்தம் மயிரைப் பறித்தன. எஞ்சியதை மட்டும் அவர் களைந்தனர். உடம்பில் மாசு ஏறிற்று. அரையிலிருந்த ஆடையும் உரிந்து போயிற்று. ஆடைக்கும் நாட்டுக்கும் கலிங்கம் என்பது ஒரே பெயராதலின், கலிங்கர் கலிங்கத்தை இழந்தனர் என்னும் சொல்நயமும் இதன்கண் அமைந்தது. வேடத்தை அவர் தேடவில்லை. ஓட்டமே அவர்க்கு வேடத்தைத் தந்தது.

இரண்டாவது கூட்டத்தார் வில்லின் நாணை மடித்துப் பூணூலாக அணிந்தனர். கங்கையாடப் போந்து இடையில் அகப்பட்டோம் என்றனர். இப்பொய்யின் பொருத்தத்தை உரையாசிரியர் பலர் விரித்திலர். தென்னாட்டினின்றும் கங்கைக்குச் செல்லும் கடற்கரை வழியிலே உள்ள நாடு கலிங்கம். ஆதலின் கேட்ட சோழ வீரனுக்கு அது நம்பத்தக்க மொழியாகும். மூன்றாவது கூட்டத்தார் குருதி தோய்ந்த கொடிச்சீலையைத் துவராடையாகப் போர்த்து, தலையை மழித்து, உடையைக் கண்டே சாக்கியரை அறியீரோ என்று எதிர்வினா விடுத்தனர். நான்காவது கூட்டத்தார் தம் யானைகளின் மணிகளைத் தாளமாகக் கைக்கொண்டு, யாம் தெலுங்கப் பாணர், படை மடிந்த களங்கண்டு திகைத்து நின்றோம் என்று கும்பிட்டனர்.

பாணர் என்றதோடு அமையாது தெலுங்கர் என்றது எற்றுக்கு? குலோத்துங்கன் தந்தைவழியால் வேங்கிச் சளுக்கியன். வேங்கி வேந்தன் இராசராச நரேந்திரனுக்கு மகனாய்த் தோன்றியவன். தெலுங்கர் அவனுக்குப் பகைவரல்லர், தந்தைவழி நாட்டினர். எனவே அவ்வொரு சொல்லே காவலாயிற்று. வீரர் கையில் இருந்தவை வில்நாண், கொடி, யானைமணி ஆகிய போர்க்கருவிகளே. அவையே முறையே பூணூலாகவும் துவராடையாகவும் தாளமாகவும் மாறின. புறத்திலிருந்து ஒரு பொருளும் கொண்டுவரப்படவில்லை. புலவரின் நகை இத்துணை ஒழுங்கோடு அமைந்தது.

வேடம் காத்தது ஏன்?

இந்நிகழ்ச்சி நடந்ததா என்று வினவின், அதற்குச் சான்று காட்டல் இயலாது. பரணியின் அமைப்பின்படி, கலிங்கத்தினின்றும் வந்த பேயொன்று காளிக்கு உரைப்பதாகவே போர்ச்செய்தி முழுதும் வருகின்றது. ஆயினும் புலவர் நிகழ்ச்சியைப் படைக்கலாம். கேட்போர் மனத்திலுள்ள கருத்தைப் படைத்தல் இயலாது. பொய் கூறுவோனும் நம்பத்தக்க பொய்யையே கூறுவான். அமணரும் அந்தணரும் சாக்கியரும் பாணரும் சோழன் வாளுக்கு இரையாகார் என்பது கேட்போர்க்கு முன்பே தெரிந்திருந்தாலன்றி இந்நான்கு தாழிசைகளும் நகை விளைக்கமாட்டா. ஆகவே கி.பி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போரில் ஈடுபடாதார் இன்னார் என்றும், அவரைக் கொல்லலாகாது என்றும் ஒரு வரையறை மக்கள் உள்ளத்தில் நிலவியது என்பது போதரும்.

இதற்குப் புறச்சான்றும் உண்டு. போர் தொடங்கு முன்னர் ஆவும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் அரண் சேர்க என அறிவிக்கும் மரபைப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு உரைக்கின்றது. பரணியின் பட்டியலில் அந்தணரோடு அமணரும் சாக்கியரும் ஒப்ப நிற்றல் சோழர் காலத்து விரிவாகும். குலோத்துங்கன் 1090ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளுக்குரிய ஊர்களின் வரிகளை நீக்கியதைச் சிறிய ஆனைமங்கலச் செப்பேடு கூறுகின்றது. அரியலூர் வட்டாரத்திலேயே விக்கிரமங்கலத்துப் புத்தர் படிமமும் செயங்கொண்டத்துத் தீர்த்தங்கரர் படிமமும் அச்சமயத்தார் இங்கு வாழ்ந்தமைக்குச் சான்றாகின்றன. தலைநகர மாந்தர் துவராடையையும் பறித்த தலையையும் கண்ணாற் கண்டு பழகியவரே.

இதுகாறும் கூறியது சோழர்க்குப் பெருமை தருவது. ஆயின் இப்பகுதி மற்றொன்றையும் உரைக்கின்றது. புறங்கொடுத்து ஓடுவார்மேல் படைக்கலம் செலுத்தாமையைத் தழிஞ்சி எனப் பெயரிட்டுப் புறப்பொருள் வெண்பாமாலை போற்றுகின்றது. கலிங்க வீரரோ புறங்கொடுத்தவர், படைக்கலத்தையும் துறந்தவர். தழிஞ்சி களத்தில் நின்றிருந்தால் அவர்க்கு வேடம் எதற்கு? ஓடியது மட்டும் உயிரைக் காக்கவில்லை. வீரன் அல்லேன் என்று பொய் கூறியபின்னரே உயிர் எஞ்சிற்று. இவ்வேடத்தார் தவிர எவரும் பிழைத்திலர் என்றும், கலிங்க ஓவியர் சுவரில் எழுதிய உருவங்களே எஞ்சிய உடல்கள் என்றும் புலவர் அடுத்துக் கூறுவது இதனை உறுதிப்படுத்துகின்றது. புகழ்ந்து பாட வந்தவர் மறைத்திருக்கக்கூடிய செய்தியை நகைக்க வந்த இடத்தில் வெளியிட்டுவிட்டார். இதுவே எம் கருத்தின் முதன்மையான பகுதி.

நகையின் இலக்கு

இந்நகை சமயங்களை இழித்ததா என்னும் வினாவும் ஆராயத்தக்கது. களம் பாடியதில் கூழ் பங்கிடும் இடத்தில் பார்ப்பனப்பேய், சமணப்பேய், புத்தப்பேய் என்பன வரிசையில் வருகின்றன. ஒருபொழுது மட்டும் உண்ணும் சமணப்பேய்க்குக் கூழை மயிரின்றி வடித்து வார்க்கவேண்டும். குருட்டுப்பேய், செவிட்டுப்பேய், ஊமைப்பேய் ஆகியனவும் அங்கு உள. வேடப்பகுதியில் மனிதர் உயிர் காக்க நோன்பியராயினர். களப்பகுதியில் பேய்கள் பசியிலும் நோன்பை விட்டில. இரண்டையும் ஒப்பிடின், நகை சமயத்தின்மேற் சென்றதன்று, வேடத்துக்கும் ஆளுக்கும் உள்ள இடைவெளியின்மேற் சென்றது என்பது புலனாகும்.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன் கூறிய தொல்காப்பியத்துக்கு உரை வரைந்த பேராசிரியர், எள்ளல் என்பது தான் பிறரை எள்ளுதலும், பிறரால் தான் எள்ளப்படுதலும் என இருவகைப்படும் என்றார். மேனாட்டில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து இங்கிலாந்தின் முதியோர் காவற்படையைப் பற்றி பி.பி.சி. தொலைக்காட்சி 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பிய ‘டாட்ஸ் ஆர்மி’ என்னும் நகைத்தொடர் இரண்டாம் வகையினது. 1973இல் வந்த ஒரு நிகழ்வில், சிறைப்பட்ட செருமானியக் கப்பல் தலைவன் ஓர் இளைஞனின் பெயரை வினவுகிறான். சொல்லாதே என்று தடுக்கும் ஆங்கிலத் தலைவனே அவ்விளைஞனைப் பெயர் கூறி விளித்துவிடுகின்றான். அந்நாட்டார் தம் பேதைமையைத் தாமே கண்டு நகைத்தனர். பரணியோ தோற்ற பகைவரை மட்டுமே எள்ளியது.

தம் படையின் ஓட்டத்தைத் தாமே எழுதிய செய்தியும் இவ்வட்டாரத்தைச் சார்ந்தே உண்டு. 1751இல் பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சுப் படையையும் சந்தா சாகிபின் படையையும் எதிர்த்து நின்ற ஆங்கிலப் படை அச்சத்தால் நிலைகுலைந்து ஓடிற்று. தலைவர்கள் தடுத்தும் நின்றிலர். இதனைப் பதிவு செய்தவர் ஆங்கில வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம். தன் தரப்பின் தோல்வியைத் தானே கூறும் எழுத்துக்கும், பிறர் தோல்வியை நகைத்துக் கூறும் எழுத்துக்கும் சான்று மதிப்பு வேறு. பின்னையதை எதிர்த்தரப்பினின்றும் நோக்கியே அளத்தல் வேண்டும்.

அவ்வாறு அளப்பின், ஓடி ஒளிந்தான் என்று பரணி கூறும் சோடகங்கன் அப்போருக்குப் பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாண்டான். புரியில் சகந்நாதர் பெருங்கோயிலை எடுப்பித்தான். கலிங்கம் அழிந்தது என்பது நூலின் கூற்று. அழியவில்லை என்பது வரலாறு. அழிந்தவர் வேடம் பூண வாய்ப்பில்லாத எளிய வீரரே.

முடிபு

கலிங்கத்துப்பரணியின் வேடப்பகுதி நடந்த நிகழ்ச்சிக்குச் சான்று அன்று. நிகழ்ச்சியைக் கேட்டு நகைத்த மக்களின் மனநிலைக்குச் சான்று. அது போரில் ஈடுபடாதாரைக் காத்த அறத்தையும், புறங்கொடுத்தாரைக் காவாத கொடுமையையும் ஒருங்கே காட்டுகின்றது. மாளிகைமேட்டு அகழ்வுகளையும் செங்கமேட்டுச் சிற்பங்களையும் காணச் செல்லும் ஆய்வு மாணாக்கர், வென்றோர் கொணர்ந்த கற்களோடு, வில்நாணைப் பூணூலாக்கி உயிர் காத்த பெயரறியா வீரரையும் எண்ணிப் பார்த்தல் தகும். பரணியின் புகழுரைகள் அரசன் சொல்ல விரும்பியவற்றைக் கூறுகின்றன. அதன் நகையுரைகள் அவன் சொல்ல விரும்பாதவற்றையும் கூறுகின்றன என்பதே எம் துணிபு.