ஐவரியா, பீஜா? - சுவருக்குள்ள ஒரு சரித்திரம்

ஷேட் கார்டுல ஐவரியையும் பீஜையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒண்ணு பால்ல துளி மஞ்சள் விட்ட மாதிரி. இன்னொண்ணு அதே பால்ல கொஞ்சம் டிகாஷன் விட்ட மாதிரி. "ரெண்டும் ஒண்ணுதானே"ன்னு எங்க வீட்டுல தீர்ப்பு சொல்லிட்டாங்க. நாம சும்மா இருப்போமா? தோண்ட ஆரம்பிச்சாச்சு :-)

பேர் தனித்தனி. ஐவரின்னா யானைத் தந்தம். பீஜ் பிரெஞ்சு வார்த்தை, சாயம் போடாத கம்பளியோட நிறம். ஆனா உள்ளே இருக்கிற சரக்கு பெரும்பாலும் ஒண்ணுதான். டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளை, அதுல துளி மஞ்சள் இரும்பு ஆக்சைடு. பீஜுக்குக் கூடவே கொஞ்சம் சிவப்பும் கறுப்பும். நம்ம பாஷையில சொன்னா ஒரே ஃபங்ஷன், பாராமீட்டர்தான் வேற.

இந்த இரும்பு ஆக்சைடு ரொம்பப் பழைய ஆளு. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில, சுமார் 1 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே காவிக்கல்லை அரைச்சு சிப்பியில கலக்கி வெச்சிருக்காங்க.

நடுவுலதான் வில்லன் வர்றார்: காரீயம். பல நூற்றாண்டுகளா நல்ல வெள்ளை பெயிண்டுன்னாலே காரீய வெள்ளைதான். 1797-ல் வாக்லேன் குரோமியத்தைக் கண்டுபிடிச்சார். அதுலேருந்து 19-ம் நூற்றாண்டுல காரீய குரோமேட் மஞ்சள் வந்துச்சு. பளிச்சுன்னு இருக்கும், நல்லா மூடும். ஆக, வெள்ளை, மஞ்சள் ரெண்டுலயுமே காரீயம் இருக்கலாம். உதிர்ந்த தூள் குழந்தை வாய்க்குப் போனா மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

டைட்டானியம் வெள்ளை 1910-களின் கடைசியிலேயே ஆலைகளில் தயாராக ஆரம்பிச்சாச்சு. 1921-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டுக்குள்ள அடிக்கிற பெயிண்டுல காரீய வெள்ளையைக் கட்டுப்படுத்த ஒப்பந்தமே போட்டுச்சு. அமெரிக்கா வீட்டு பெயிண்டுக்குத் தடை போட்டது 1978-ல். இந்தியா 2016-ல் விதி போட்டு, பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல காரீயம் கூடாதுன்னு 2017 நவம்பர்லேருந்து அமல்படுத்துச்சு. மாற்று கையில இருந்தும் இத்தனை வருஷம்!

சரி, எதை அடிக்கலாம்? வெளிச்சம் கம்மியான ரூமுக்கு ஐவரி. பசங்க கை வைக்கிற ஹாலுக்கு பீஜ், அழுக்கு சட்டுன்னு தெரியாது.

அதைவிட முக்கியம், அடியில இருக்கிற பழைய பெயிண்ட். வெறும் சுண்ணாம்புன்னா கவலையில்லை. பழைய ஆயில் பெயிண்ட் கதவு, ஜன்னல்னா உப்புத்தாளை வெச்சு அப்படியே காய்ஞ்ச நிலையில தேய்க்க விடாதீங்க. நனைச்சுத் தேய்க்கச் சொல்லுங்க. அன்னிக்கு மட்டும் குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க.