குடல்வாலும் கொள்ளை நோயும்

உங்கள் வலப்புற இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புள் வரை ஒரு நேர்கோடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அக்கோட்டில், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் விரலை வையுங்கள். ஏறத்தாழ அந்த இடத்திற்குக் கீழேதான், பெருங்குடலின் தொடக்கப் பகுதியிலிருந்து ஒரு சிறு குழல் தொங்குகிறது. அதுவே குடல்வால். நியூயார்க் நகர அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டிய இடம் இது. இந்தக் குழலில் அழற்சி கண்டால் உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும் என்பது நூறாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகின் விதியாக இருந்தது. அந்த விதியை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று அசைத்துப் பார்த்தது. எப்படி என்று காண்போம்.

முதலில், இவ்வளவு சிறிய உறுப்பு உயிருக்கே உலை வைப்பது ஏன்? குடல்வால் ஒரு முனை மூடிய குழல். அதன் திறந்த முனையை இறுகிய மலத்துணுக்கோ வீங்கிய திசுவோ அடைத்துவிடுவது உண்டு. அப்போதும் உட்சுவர் நீர் சுரந்துகொண்டே இருக்கும். வெளியேற வழியில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் சுவரிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களை நெரிக்கிறது. இரத்த ஓட்டம் குன்றிய இடத்தில் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன, சுவர் அழுகுகிறது, இறுதியில் வெடிக்கவும் கூடும். வெடித்தால் சீழும் கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவும்.

குடல்வாலை அகற்றியதாகப் பதிவாகியுள்ள முதல் அறுவை 1735ஆம் ஆண்டில் லண்டனில் நடந்தது. குடலிறக்கத்தால் துன்புற்ற 11 வயதுச் சிறுவனுக்குக் கிளாடியஸ் அமியண்ட் என்ற மருத்துவர் அறுவை செய்தபோது, ஒரு குண்டூசி குத்தித் துளைத்த குடல்வாலைக் கண்டு அகற்றினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது! ஆயினும் சிறுவன் பிழைத்துக்கொண்டான். நோயின் உண்மையான இருப்பிடம் குடல்வாலே என்பதைத் தெளிவாக நிறுவி, அதற்குப் பெயரும் சூட்டி, காலத்தோடு அறுவை செய்யுமாறு வற்புறுத்தியவர் போஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ். ஆண்டு 1886.

1902ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா நடக்க இருந்தது. இரு நாட்களுக்கு முன் அவருக்கு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. ஃபிரெடரிக் டிரீவ்ஸ் சீழை வெளியேற்றினார், குடல்வாலை எடுக்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று மன்னர் முடிசூடினார்.

அறுவை மருத்துவரே அருகில் இல்லாவிட்டால் என்ன செய்வது? 1942ஆம் ஆண்டு செப்டம்பரில், சீடிராகன் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில் ஒரு மாலுமிக்கு இந்நோய் கண்டது. கப்பலில் மருத்துவர் எவரும் இல்லை. வீலர் லைப்ஸ் என்ற மருத்துவ உதவியாளர், வளைத்த சமையலறைக் கரண்டிகளால் காயத்தை விரித்துப் பிடிக்கச் செய்து, நீருக்கடியிலேயே குடல்வாலை அகற்றினார். பின்னாளில் ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபின், நீர்மூழ்கிகளில் இந்நோய்க்கு மருந்தே கொடுத்துப் பார்க்கும் வழக்கமும் ஏற்பட்டது. 1959ஆம் ஆண்டில் கோல்ட்ரி என்ற ஆங்கிலேய மருத்துவர், 471 நோயாளிகளுக்கு அறுவையின்றிச் சிகிச்சை அளித்த அனுபவத்தை வெளியிட்டார். அவர்களில் இறந்தவர் ஒருவரே. எனினும் அவர் சொல்லைப் பெரும்பாலோர் செவிமடுக்கவில்லை.

மருந்து எப்போதும் கைகொடுத்துவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 29 அன்று, அண்டார்க்டிகாவில் இருந்த சோவியத் ஆய்வு நிலையத்தின் ஒரே மருத்துவரான லியோனிட் ரோகசோவுக்கு வலி தொடங்கியது. அவருக்கு வயது 27. மருந்துகள் உட்கொண்டும் நிலைமை மோசமாயிற்று. வெளியிலிருந்து உதவி வர வழியில்லை. மறுநாள் இரவு, உணர்விழக்கும் ஊசியை வயிற்றுத் தசையில் மட்டும் போட்டுக்கொண்டு, நண்பர்கள் கண்ணாடி பிடிக்க, தம் குடல்வாலைத் தாமே அறுத்தெடுத்தார்!

மருந்து சிலரைக் காக்கிறது, சிலரைக் கைவிடுகிறது. அப்படியானால் எவ்வளவு பேரை? இதற்குத் தனிக்கதைகள் விடை தரமாட்டா. ஊசலின் அலைவு நேரத்தைச் சோதிக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? குண்டின் நிறையை மாற்றாமல் நீளத்தை மட்டும் மாற்றுகிறீர்கள். மனிதர்கள் ஊசல் குண்டுகள் அல்லர். ஒருவரைப் போல் மற்றவர் இல்லை. ஆகவே நாணயம் சுண்டுவது போல, யாருக்கு அறுவை, யாருக்கு மருந்து என்பதைத் தற்செயலுக்கே விட்டுவிட வேண்டும். அப்போது வயது, உடல்நிலை போன்ற வேறுபாடுகள் இரு பிரிவிலும் ஏறத்தாழச் சமமாகிவிடும். 1995ஆம் ஆண்டில் சுவீடனில் 40 பேரைக் கொண்டு இத்தகைய சோதனை நடந்தது. பின்னர் பின்லாந்தில் 530 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஸ்கேன் படத்தில் சிக்கலற்ற நோய் என்று உறுதியானவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். மருந்து பெற்றவர்களில் 100க்கு 27 பேருக்கு மட்டுமே ஓராண்டுக்குள் அறுவை தேவைப்பட்டது. ஐந்தாண்டுகளில் 100க்கு 39 பேருக்கு நோய் திரும்பியது.

இந்நிலையில்தான் 2020ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று, கோவிட் ஒரு பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருத்துவமனைகளில் படுக்கைகளுக்கும் செயற்கைச் சுவாசக் கருவிகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையில், கரியமில வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் செலுத்தி வயிற்றை உப்பச் செய்வார்கள். அந்த வாயு பீறிட்டு வெளிவரும்போது கிருமியும் உடன் வருமோ என்ற அச்சம் எழுந்தது. அதற்கு அன்று உறுதியான சான்று இல்லை. ஆனால் சான்றுக்காகக் காத்திருக்க அவகாசமும் இல்லை. நோயாளிக்கும் ஆபத்து மிகுந்திருந்தது. 24 நாடுகளில், அறுவைக் காலத்தில் கோவிட் தொற்றியிருந்த 1,128 பேரை ஆராய்ந்ததில், 100க்கு ஏறத்தாழ 24 பேர் 30 நாட்களுக்குள் இறந்தது தெரியவந்தது.

பிரிட்டனின் அறுவை மருத்துவக் கல்லூரிகள், இயன்ற இடங்களில் குடல்வால் அழற்சிக்கு மருந்தையே நாடலாம் என அறிவுறுத்தின. அந்நாட்டில் அப்போது ஆராயப்பட்ட 500 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தொடக்கத்தில் அறுவையின்றியே கவனிக்கப்பட்டனர். கோல்ட்ரி சொல்லியும் நடவாததைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் சில வாரங்களில் நடத்திவிட்டது!

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து 1,552 பேரைக் கொண்ட சோதனையின் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களில் பத்துக்கு மூவர் 90 நாட்களுக்குள் அறுவைக்கு உள்ளாயினர். குடல்வாலில் மலக்கல் இருந்தவர்களில் இது 100க்கு 41, இல்லாதவர்களில் 25. நீண்ட நாள் கவனித்தபோது, நான்காண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் அறுவையை நாடியிருந்தனர். ஆக, மருந்து என்பது பலருக்கு நிரந்தரத் தீர்வு. வேறு பலருக்கு ஒரு தவணை மட்டுமே. நெருக்கடிக் காலத்தில் அந்தத் தவணையே பெரும் பேறன்றோ!

இதைப் படித்துவிட்டு, வயிறு வலித்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். மேற்கண்ட சோதனைகளில் மருந்து பெற்றவர்கள் ஸ்கேன் போன்ற படங்களால் நோய் உறுதி செய்யப்பட்டு, மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். கொள்ளை நோய்க்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்டு, குடல்வால் வெடித்தபின் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகள் பல நாடுகளில் உண்டு. தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி, சில மணி நேரத்தில் வலப்புறம் கீழே இறங்கி நிலைத்தால், குமட்டலும் காய்ச்சலும் சேர்ந்தால், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கத்தியா மருந்தா என்பதை அவருடன் கலந்து முடிவு செய்யலாம். அந்த வாய்ப்பு காலத்தோடு செல்பவர்க்கே கிட்டும்.