வெளிச்சம் யார் மேல் விழுகிறது?

இத்தாலிய ஓவியர் பிரனேசி (1720–1778) ரோம் நகரத்து இடிபாடுகளைச் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டு விற்றார். ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஐரோப்பியச் சீமான் வீட்டுப் பிள்ளைகள் அவற்றை ஆசையாக வாங்கிப் போனார்கள். ரோமின் அழியாத பெருமைக்கு அடையாளமாகவே அவை பேசப்படுகின்றன.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அங்கே மை தங்கும். கீறாத இடம் தாளின் வெள்ளையாகவே நிற்கும். ஆக, எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பதை முடிவு செய்வது ஓவியரின் கை.

பிரனேசியின் வெளிச்சம் பெரும்பாலும் வளைவுகள் மேலும் தூண்கள் மேலும் விழுகிறது. அடியில் எறும்பு போலக் கந்தல் உடுத்திய மனிதர்கள், மாடு மேய்ப்பவர்கள். பேரரசின் மைய மன்றம் அன்று மாடு கட்டும் இடம். 'மாட்டு வெளி' என்றே அதற்குப் பெயர். அங்கே பிழைத்தவர்களுக்குப் படத்தில் முகம்கூடத் தெளிவாக இல்லை. கட்டடத்தைப் பெரிதாகக் காட்டும் அளவுகோலாக நிற்கிறார்கள்.

சீமானுக்கு இடிபாடு என்றால் இழந்த பெருமையின் சோகம். ரோமுக்காகக் கல் சுமந்த அடிமையின் பக்கம் நின்று பாருங்கள்: ஓர் ஆதிக்கம் விழுந்து கிடக்கிறது. கல் அதேதான், பொருள் வேறு.

தோழர்களே, இனி எந்தக் கோட்டையின், அரண்மனையின் பழைய படம் கண்ணில் பட்டாலும், முதலில் இருட்டில் நிற்பவர்களை எண்ணுங்கள்.