மணியடிக்கச் சொன்னது யாரு?

டிஸ்கி: "அதெல்லாம் நடிப்புடா, அதைப் போய் வாயப் பொளந்துக்கிட்டு பாக்குறியே"ன்னு சொல்ற பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. தெரியும் சார். நடிப்புதான். இந்தப் பதிவே அந்த நடிப்பு ஒரு நாள் பாதியில நின்னுபோனதைப் பத்தித்தான்.

என் செட்டு பசங்களுக்கு ரெஸ்லிங்னா டென் ஸ்போர்ட்ஸ், ட்ரம்ப் கார்டு, அப்புறம் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்ங்கிற வதந்தி. அதுல பிரெட் ஹார்ட் மட்டும் ஒரு புதிர். சீனியர் அண்ணன்கள் கிட்ட இருந்த பழைய கார்டுல ரோஸ் கலர் டிரெஸ், கூலிங் கிளாஸோட ஜம்முனு இருப்பார். டிவில ஆளே இருக்க மாட்டார். ஏன் இல்லன்னு தேடப் போய்த்தான் 1997 மாண்ட்ரியல் கதை கிடைச்சுது. அது நடந்தப்ப நான் தொட்டில்ல இருந்தேன். ஆனாலும் இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி யாராவது தப்பா பேசினா சண்டைக்குப் போயிடுவேன் :-)

முதல்ல அடிப்படை. யார் ஜெயிக்கணும், யார் தோக்கணும், எப்படி முடியணும்னு முன்கூட்டியே முடிவு பண்ற வேலைக்குப் பேரு புக்கிங். வின்ஸ் மக்மேனோட கம்பெனியே 1989-ல நியூ ஜெர்சி செனட்ல போய் "இது விளையாட்டுப் போட்டி இல்லீங்க, பொழுதுபோக்கு"ன்னு சொல்லிடுச்சு. விளையாட்டுன்னா அரசாங்கக் கமிஷனோட கட்டுப்பாடு, வரி எல்லாம் வரும்ல, அதான். சரி, நடிப்புன்னே வச்சுப்போம். ஆனா தலைகீழா தூக்கிப் போடுறப்ப என் கழுத்து உன் கையில இருக்கு. நீ சொன்ன இடத்துல சொன்ன மாதிரி போடுவேன்னு நம்பித்தான் நான் உடம்பை விடுறேன். மேட்ச்சோட முடிவும் அந்த நம்பிக்கையில சேர்ந்ததுதான். தோக்கச் சம்மதிச்சவன் தோப்பான், ஜெயிக்க வேண்டியவன் ஜெயிப்பான். இதை மீறினா அதுக்குப் பேரு டபுள்கிராஸ்.

இது 1997-ல புதுசா கண்டுபிடிச்ச வித்தை கிடையாது. 1925-ல வெய்ன் மன்னுன்னு ஒரு கால்பந்து ஆட்டக்காரர், அமெரிக்கக் கால்பந்து, ஆறரை அடி உயரம். மல்யுத்தம் சுமாராத்தான் வரும். ஆனா ஆளைப் பாத்தா கூட்டம் வரும். அப்ப தொழிலைக் கையில வச்சிருந்த எட் 'ஸ்ட்ராங்ளர்' லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் கோஷ்டி இவரைச் சாம்பியன் ஆக்கிடுச்சு. லூயிஸே வேணும்னு அவர்கிட்ட தோத்தார். அடுத்து ஏப்ரல் 15, ஃபிலடெல்ஃபியா. மன்கிட்ட தோக்கறதுக்குன்னு கூட்டிட்டு வந்தது ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவை. போலந்துக்காரர், நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல, நிஜ மல்யுத்தத்துல பழம் தின்னு கொட்டை போட்டவர். எதிர்கோஷ்டிகிட்ட முன்னாடியே பேசி முடிச்சுட்டு வந்திருந்தார். மணி அடிச்சதும் நிஜமாவே மல்லுக்கட்ட ஆரம்பிச்சுட்டார். திரும்பத் திரும்ப மன்னைத் தூக்கி மல்லாத்தினார். ரெஃப்ரிக்கு வேற வழியே இல்ல. பெல்ட் கை மாறிடுச்சு. அடுத்த மாசமே அதை எதிர்கோஷ்டி ஆளு ஜோ ஸ்டெச்சர்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிட்டார் மனுஷன்.

இதுக்கப்புறம் முதலாளிகளுக்கு ஒரு பாடம். பெல்ட்டை நிஜமாவே சண்டை தெரிஞ்சவன் இடுப்புலதான் கட்டணும். லூ தெஸ் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கா சாம்பியனா இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். அவரை ஏமாத்தணும்னா அவரை நிஜமா ஜெயிக்கணும், அது ஆகுற காரியமா? போதாததுக்கு என்.டபிள்யூ.ஏ. சாம்பியன் 25,000 டாலர் டெபாசிட் கட்டணும். வீட்டு அட்வான்ஸ் மாதிரி.

அந்த டெபாசிட்டாலதான் 1991-ல ஒரு கூத்து நடந்துச்சு. ரிக் ஃப்ளேரை டபிள்யூ.சி.டபிள்யூ. வேலையை விட்டுத் தூக்கினாங்க. டெபாசிட் திரும்பி வரல, அதனால பெல்ட்டும் திரும்பிப் போகல. அந்தப் பெல்ட்டோட ஃப்ளேரைத் தன்னோட டிவில கொண்டுவந்து "இவர்தான் நிஜ சாம்பியன்"னு காட்டினது யாரு? சாட்சாத் வின்ஸ் மக்மேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

1985-லயே வின்ஸ் ஒரு ஒத்திகை பாத்தாச்சு. பெண்கள் சாம்பியன் வெண்டி ரிக்டருக்கும் கம்பெனிக்கும் சம்பளத் தகராறு. நவம்பர் 25, மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிர்ல முகமூடி போட்ட ஒரு 'ஸ்பைடர் லேடி'. உள்ள இருந்தது ரிக்டருக்கே வித்தை கத்துக்குடுத்த ஃபேபுலஸ் மூலா. ரிக்டர் தோளைத் தூக்கினப்புறமும் ரெஃப்ரி மூணு எண்ணி முடிச்சுட்டார். அந்தம்மா முகமூடியைப் பிடுங்கிப் பாத்துட்டு, துணிகூட மாத்தாம டாக்ஸி பிடிச்சுக் கிளம்பினவங்கதான். பல வருஷத்துக்கு அந்தக் கம்பெனிப் பக்கமே வரல. பிரெட் ஹார்ட் அப்ப அதே கம்பெனியிலதான் இருந்தார். நமக்கும் ஒருநாள் இதே கதின்னு நினைச்சிருப்பாரா?

இப்ப மாண்ட்ரியலுக்கு வருவோம். 1996-ல போட்டிக் கம்பெனி டபிள்யூ.சி.டபிள்யூ. பணத்தைக் கொட்டித் தரேன்னு கூப்பிட்டும் பிரெட் போகல. டபிள்யூ.டபிள்யூ.எஃப்.லயே 20 வருஷ ஒப்பந்தம் போட்டார். அடுத்த வருஷமே வின்ஸ் கையை விரிச்சுட்டார். "என்னால கட்டுப்படியாகாது, நீ அங்கயே பேசிக்கோ." பிரெட்டும் பேசி முடிச்சார். ஒரே சிக்கல், ஆகஸ்ட்ல இருந்து உலகச் சாம்பியன் பெல்ட் அவர் இடுப்புல.

ஐடில இருக்கறவங்களுக்கு சுலபமா சொல்றேன். நோட்டீஸ் பீரியட்ல இருக்கறவன் கையில கம்பெனியோட மாஸ்டர் பாஸ்வேர்ட் இருக்கு. போறது நேர் எதிர்க்கம்பெனிக்கு. மேனேஜர் தூங்குவாரா? அதுவும் 1995 டிசம்பர்ல மெடூசா (இங்க இவங்க பேரு அலண்ட்ரா பிளேஸ்) பெண்கள் பெல்ட்டை எதிர்க்கம்பெனி டிவில கொண்டுபோய் குப்பைத்தொட்டியில போட்டதை நாடே பாத்திருக்கு. ஆக, வின்ஸ் பயந்தது நியாயம்தான். ஃப்ளேர் விஷயத்துல தான் செஞ்சதே தனக்குத் திரும்பி வந்துடுமோன்னு பயம்.

பிரெட் பக்கமும் ஒரு கணக்கு இருக்கு. 1997 முழுக்க அவர் கதையே வித்தியாசம். மார்ச்சுல ரெஸில்மேனியா 13-ல ஸ்டீவ் ஆஸ்டினோட மோதின மேட்ச்சுல நல்லவர் வில்லனாகி, வில்லன் நல்லவனானார். என்னைக் கேட்டா புக்கிங்குக்கு அதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. முகமெல்லாம் ரத்தம் வழிய, தோல்வியை ஒத்துக்காம ஆஸ்டின் மயங்கிப் போறதை இப்ப யூட்யூப்ல பாத்தாலும் சிலிர்க்கும். அதுக்கப்புறம் பிரெட் அமெரிக்காவுல வில்லன், கனடாவுல தேசத் தலைவர் ரேஞ்சு. ஜூலையில அவரோட சொந்த ஊரு கால்கரியில கூட்டம் கத்தின கத்தைக் கேட்டா தெரியும். அப்படிப்பட்டவரை, கனடா மண்ணுல, அதுவும் ஷான் மைக்கேல்ஸ்கிட்ட தோக்கச் சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் நிஜமாவே ஆகாது, ஜூன்ல உடை மாத்துற ரூம்லயே அடிதடி ஆகியிருக்கு. "உன்கிட்ட தோக்க எனக்கு ஆட்சேபணை இல்ல"ன்னு தான் சொன்னதுக்கு "நான் உன்கிட்ட தோக்க மாட்டேன்"னு ஷான் பதில் சொன்னதா பிரெட் சொல்றார். அதனால அவர் நிலை இதுதான்: மாண்ட்ரியல்ல ஷான்கிட்ட முடியாது, வேற ஊர்ல வேற யார்கிட்ட வேணா தோக்கறேன். கடைசி 30 நாளைக்குத் தன் கதை எப்படிப் போகணும்னு சொல்ற உரிமை அவர் ஒப்பந்தத்துலயே இருந்துச்சு. வின்ஸும் தலையாட்டினார். பலபேர் உள்ள புகுந்து ரகளையாகி முடிவில்லாம முடியும்னு பேச்சு. அந்தப் பேச்சை பிரெட் உடம்புல மைக்கை மறைச்சு வச்சுப் பதிவு பண்ணினார். அப்ப அவரைப் பத்தி பால் ஜேன்னு ஒருத்தர் ஆவணப்படம் எடுத்துக்கிட்டிருந்தார். 1998-ல 'ரெஸ்லிங் வித் ஷேடோஸ்'னு வெளிவந்துச்சு. கண்டிப்பா பாருங்க.

நவம்பர் 9, 1997. மோல்சன் சென்டர், கிட்டத்தட்ட 20,000 பேர். மேட்ச் ஆரம்பிச்சு பன்னெண்டு நிமிஷம் போல ஆகியிருக்கும். பிரெட்டோட சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரை (ஆளைக் குப்புறப் போட்டு ரெண்டு காலையும் மடிச்சு முதுகுப் பக்கமா வளைக்கிற பிடி) ஷான் அவருக்கே போடுறார். பிரெட் அதை உடைச்சுத் திருப்பணும், அதான் ஏற்பாடு. காலைப் பிடிச்சுத் திருப்பவும் ஆரம்பிச்சுட்டார். அதுக்குள்ள ரெஃப்ரி ஏர்ல் ஹெப்னர் மணியடிக்கச் சைகை காட்டுறார். ரிங் ஓரத்துல நின்ன வின்ஸ், மணிக்காரரைப் பாத்து அடி அடின்னு கத்துறார். டங். ஷான் பாட்டு ஓடுது. பிரெட் கையால தரையைத் தட்டவே இல்ல. ஹெப்னர் ஓட்டமா ஓடி, வெளிய தயாரா நின்ன கார்ல ஏறிப் பறந்துட்டார். பிரெட் வின்ஸ் மூஞ்சியில துப்பினார், போறபோக்குல மானிட்டரையெல்லாம் உடைச்சார், காத்துல விரலால டபிள்யூ.சி.டபிள்யூ.ன்னு எழுதிக் காட்டினார். உள்ள போய் வின்ஸுக்கு ஒரு குத்து, ஆள் கீழ. அண்டர்டேக்கர் கடுப்பாகி, பிரெட்கிட்ட போய்ப் பேசுன்னு வின்ஸை விரட்டினவர். ஷான் தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணினார். தெரியும்னு பல வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டார்.

இதுவும் ஒரு நாடகம்தான், பிரெட்டும் கூட்டுன்னு சொல்ற கோஷ்டி இன்னும் இருக்கு. நான் நம்பல. அந்தப் படத்துல, மேட்ச் முடிஞ்சப்புறம் பிரெட்டோட மனைவி ஷானுக்குப் பக்கத்துல நின்ன ட்ரிபிள் எச்சை நிக்கவச்சுக் கேள்வி கேக்கிற காட்சியைப் பாத்துட்டு யாராவது அப்படிச் சொல்ல முடியுமா?

1925-க்கும் 1997-க்கும் நடுவுல என்ன மாறிச்சுன்னு யோசிச்சா எனக்கு ஒண்ணு தோணுது. ஸ்பிஸ்கோ ஏமாத்தினார், ஆனா தன் தோள்பலத்துல ஏமாத்தினார். ஒரு மல்யுத்த வீரன் நினைச்சா முதலாளிகள் மொத்தப் பேரையும் முட்டாளாக்கலாம்ங்கிற நிலைமை அப்ப இருந்துச்சு. மாண்ட்ரியல்ல ரிங்குல பிரெட் எவ்வளவு பெரிய வித்தைக்காரர்னாலும் பிரயோஜனம் இல்ல. மணி கம்பெனியோடது. ரெஃப்ரி, கேமரா, பாட்டு எல்லாம் கம்பெனியோடது. எழுத்துல இருந்த உரிமையைக்கூட ஒரு மணி அழிச்சுடுச்சு. பிரெட் கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம்னு சொல்றவங்க வாதத்துல கொஞ்சம் நியாயம் இருக்கு, தன்னை அவர் ரொம்பவே சீரியஸா எடுத்துக்குவார். ஆனா முடியாதுன்னு நேருக்கு நேர் சொன்னவர் அவர். சரின்னு சொல்லிட்டு முதுகுல குத்தினது வின்ஸ்.

கொடுமை என்னன்னா, லாபமும் வின்ஸுக்குத்தான். அதுவரைக்கும் டிவில வர்ணனையாளரா இருந்தவர், பிரெட்டோட கதிக்கு பிரெட்டேதான் காரணம்ங்கிற மாதிரி பேட்டி குடுத்து, ஒரே வாரத்துல ஊரே வெறுக்குற முதலாளி ஆயிட்டார். அந்த வெறுப்பையே மூலதனமா போட்டு 1998-ல ஆஸ்டினை எதிர்ல நிறுத்தினார். ஏப்ரல்ல, ஒன்றரை வருஷத்துக்கு மேல தோத்துக்கிட்டிருந்த திங்கக்கிழமை ரேட்டிங் அவர் பக்கம் திரும்பிச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முந்தி ரெஸில்மேனியா 14-ல ஷான் சொன்னபடி ஆஸ்டின்கிட்ட தோப்பாரான்னு சந்தேகம் வந்து, அண்டர்டேக்கர் கையில டேப் சுத்திக்கிட்டுத் திரைக்குப் பின்னாடி காவலுக்கு நின்னார்னு ஒரு கதை உண்டு. வின்ஸே போட்ட விதை! நவம்பர்ல செயின்ட் லூயிஸ்ல ராக், மேன்கைண்டுக்கு ஷார்ப்ஷூட்டர் போட, வின்ஸ் மணியடிக்கச் சொல்ல, மாண்ட்ரியல் அப்படியே ஒரு ஸ்கிரிப்ட் ஆயிடுச்சு.

போன இடத்துல பிரெட்டுக்கு நடந்தது அதைவிட மோசம். 1997 டிசம்பர் ஸ்டார்கேட்ல ஹோகன்-ஸ்டிங் மேட்ச். ரெஃப்ரி வேகமா எண்ணி ஸ்டிங்கை ஏமாத்தணும், பிரெட் ஓடி வந்து "இன்னொருத்தருக்கு இது நடக்க விடமாட்டேன்"னு தடுக்கணும். ரெஃப்ரி சாதாரண வேகத்துலயே எண்ணித் தொலைச்சுட்டார்! பிரெட் எதைத் தடுக்க வந்தார்னு யாருக்கும் புரியல. அதே நிகழ்ச்சியில பிரெட் ரெஃப்ரியா நின்ன இன்னொரு மேட்ச்சுல ஆடினவர் பேரு லாரி ஸ்பிஸ்கோ. ஆமா, அந்த 1925 ஸ்பிஸ்கோவோட பேரைத்தான் வச்சுக்கிட்டார்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1999 டிசம்பர் 19, மறுபடியும் ஸ்டார்கேட். கோல்ட்பர்க் விட்ட ஒரு உதை பிரெட் தலையில பட்டு மூளை கலங்கிடுச்சு. அந்த மேட்ச்சோட முடிவு எப்படித் தெரியுமா? பிரெட் ஷார்ப்ஷூட்டர் போட, எதிராளி ஒத்துக்காமலே ரெஃப்ரி மணியடிக்கச் சொல்லணும். மாண்ட்ரியல் காப்பி. அவரோட வாழ்க்கையை முடிச்ச மேட்ச்சுக்கும் அதே ஃபினிஷ்தான் எழுதி வச்சிருந்தாங்க. 2000-ல ஓய்வு, 2002-ல பக்கவாதம். இதுக்கெல்லாம் முன்னாடியே, 1999 மே மாசம் தம்பி ஓவன் கான்சஸ் சிட்டியில மேல இருந்து கயித்துல இறங்குறப்ப விழுந்து இறந்துபோனார். மாண்ட்ரியலுக்கப்புறம் குடும்பத்துல மத்தவங்க வின்ஸை விட்டுப் போக, ஓவன் மட்டும் ஒப்பந்தத்துல மாட்டி அங்கயே தங்க வேண்டியிருந்துச்சு. அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு வேற எங்கயோ போயிடும்.

2010 ஜனவரி 4-ல பிரெட் திரும்ப வந்தார். ரிங் நடுவுல ஷானைக் கட்டிப்பிடிச்சார். அது நிஜம்னுதான் எனக்குத் தோணுது, ரெண்டு பேரும் அதுக்கப்புறமும் அப்படித்தான் பேசுறாங்க. மார்ச்ல ரெஸில்மேனியா 26-ல பிரெட்டுக்கும் வின்ஸுக்கும் மேட்ச். ஹார்ட் குடும்பத்தைக் காசு குடுத்து வாங்கிட்டேன்னு வின்ஸ் சொல்வார், அவங்க வின்ஸையே ஏமாத்துவாங்க, பிரெட்டோட அண்ணன் புரூஸ்தான் ரெஃப்ரி. பக்கவாதம் வந்த மனுஷன் அடி வாங்கக் கூடாது, அதனால வின்ஸ் மட்டும் வாங்கிக்கிட்டே இருந்தார். கடைசியில ஷார்ப்ஷூட்டர். வின்ஸ் தரையைத் தட்டினார், அப்புறம்தான் மணி அடிச்சுது. மேட்ச் படு மொக்கை. நான் மூணு தடவை பாத்துட்டேன்.