பழுதுற்ற சில்லும் வாங்குவோர் உரிமையும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி எருத்தேன்பதி என்னும் ஊர் இருக்கிறது. மாநிலத்தால் அது கேரளம். ஆயினும் வீட்டிலும் வீதியிலும் ஒலிப்பது பெரும்பாலும் தமிழே. அவ்வூரார் ஒருவர் எல்லை கடந்து பொள்ளாச்சிக் கடையில் ஒரு கணிப்பொறி வாங்கி வருவதாகக் கொள்வோம். அதன் உறுப்பொன்று பழுதுடையதாயின் அவர் யாரிடம் முறையிடுவது? விற்றவர் ஒரு மாநிலத்தவர். வாங்கியவர் மற்றொரு மாநிலத்தவர். உறுப்பைச் செய்தவரோ கடல் கடந்த நாட்டவர். பிழைப்பின் பொருட்டு அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் அனைவருக்கும் உரிய கேள்வி இது. விடை காண அண்மைக்கால வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

மட்பாண்டம் வாங்குவோர் அதனைத் தட்டிப் பார்த்து வாங்குவர்; விரிசல் உண்டாயின் ஓசையே காட்டிக் கொடுக்கும். கணிப்பொறியின் சில்லை அவ்வாறு தட்டிப் பார்க்க இயலாது. அதன் குற்றத்தை முதலில் அறியக்கூடியவர் அதனைச் செய்தவரே. அவர் வாய் திறவாவிடில் வாங்கியவர் இருளில் நிற்க வேண்டியதுதான்.

இவ்வுண்மையை உலகறியச் செய்த நிகழ்ச்சி 1994-ஆம் ஆண்டில் நடந்தது. அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் அதற்கு முந்திய ஆண்டில் பென்டியம் என்னும் செயலியை வெளியிட்டிருந்தது. அதன் ஆக்கத்திற்குத் தலைமை தாங்கியவருள் இந்தியாவில் பிறந்த வினோத் தாம் குறிப்பிடத்தக்கவர். வர்ஜீனியா மாநிலத்துக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றிய தம் ஆராய்ச்சியில் விடைகள் ஒத்துவராமை கண்டு, குற்றம் தம் கணக்கிலன்று, செயலியிலேயே உள்ளது எனத் தெளிந்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 என்று தொடங்க வேண்டிய விடையைப் பென்டியம் 1.3337 என்று தந்தது. வகுத்தலுக்கென்று சில்லினுள் பதிக்கப்பட்ட 1,066 இடங்கள் கொண்ட வாய்பாட்டில் ஐந்து இடங்கள் வெறுமையாக விடப்பட்டதே காரணம்.

இன்டெல் நிறுவனத்தாரும் இப்பிழையை அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே அறிந்திருந்தனர். ஆயினும் பொதுமக்களுக்கு அறிவிக்கவில்லை. செய்தி பரவிய பின்னர், சாதாரணப் பயனாளர் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே இப்பிழையைச் சந்திப்பார் என்றனர். நுட்பமான கணக்குகளுக்குத் தேவை என்று காட்டுவோர்க்கே மாற்றுச் சில்லு தருவோம் என்றனர். ஐபிஎம் நிறுவனமோ, கணக்குத் தாள்களில் பணிபுரிவோர்க்கு 24 நாள்களுக்கு ஒருமுறை பிழை நேரலாம் எனக் கூறிப் பென்டியம் பூட்டிய கணிப்பொறிகளை அனுப்புவதை நிறுத்தியது. இறுதியில் டிசம்பர் 20-ஆம் நாள் இன்டெல் மன்னிப்புக் கோரி, கேட்போர் யாவர்க்கும் காரணம் கேளாமல் மாற்றித் தர இசைந்தது. அதற்கென ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 இலட்சம் டாலர். தமக்கு நேர்ந்த தீங்கை மெய்ப்பிக்கும் சுமையை வாங்கியவர் தலையில் ஏற்றியதே மக்கள் சினத்திற்கு மூலமாயிற்று என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இத்தகைய சோதனை நம் நாட்டையும் எட்டியது. 2007 ஆகஸ்டு 14-ஆம் நாள் நோக்கியா நிறுவனம் தன் கைப்பேசிகளிலுள்ள பிஎல்-5சி மின்கலங்களுள் 4 கோடியே 60 இலட்சம், மின்னேற்றும்போது அளவுமீறிச் சூடேறக்கூடும் என அறிவித்தது. அவற்றை 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையே செய்தது ஜப்பானிய நிறுவனமாகிய மாட்சுஷிட்டா. அந்நாளில் திருப்பெரும்புதூரிலேயே நோக்கியாவின் தொழிற்சாலை இயங்கி வந்தது. அது 2014-இல் மூடப்பட்டது. மின்கலத்தின் மேலிருந்த அடையாள எண்ணைக் கொண்டு, தம்முடையது அத்தொகுதியைச் சேர்ந்ததா என்பதை மக்கள் அறிந்தனர். சேர்ந்ததாயின் விலையின்றி மாற்றிக்கொள்ள வழி இருந்தது. நாம் பொருளின்மேற் காணும் நுண்ணிய எண்களின் பயன் இதுவே. எந்நாளில், எத்தொகுதியில் செய்யப்பட்டது என்பதை அவை சொல்லும். பழுதுற்றதை நல்லதினின்று பிரித்துக் காட்டும்.

இனி, எருத்தேன்பதியாரின் கேள்விக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்கிற்கான காரணம் தோன்றிய இடத்திலோதான் முறையிட வேண்டியிருந்தது. பொள்ளாச்சியில் வாங்கியவர் கோவைக்குச் செல்ல நேரிட்டிருக்கும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ, முறையிடுபவர் தாம் வசிக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தை நாடலாம் என்கிறது. ஆகவே அவர் பாலக்காட்டிலேயே வழக்கிடலாம். ஊரில் வாங்கிய பொருளுக்காக மும்பையில் வாழும் தமிழர் மும்பையிலேயே முறையிடலாம். இடர் விளைக்கும் பொருள்களைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடும் அதிகாரமும் அச்சட்டத்தால் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்கு உண்டு. 1915 என்னும் தேசிய உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

பிழை செய்யாத தொழிலாளி இல்லை. பிழையை மறைப்பவனுக்கும் ஒப்புக்கொண்டு திருத்துபவனுக்கும் உள்ள வேற்றுமையே நாணயம் எனப்படுவது. எனினும் அவன் நாணயத்தை மட்டும் நம்பியிராது, ரசீதையும் பொருளின் எண்ணையும் பத்திரப்படுத்தி வைப்போமாக. எல்லை கடந்து வாழ்வோர்க்கு அவ்விரண்டுமே முதற் சாட்சி.