ஐஸ் ஹவுஸ் தந்த தொழிற்கல்வி

செங்கற்பட்டிலும் மாமல்லைக் கடற்கரையூர்களிலும் வாழும் நம்மவருள் வறுமையுற்ற பெண்டிர்க்குத் தொழில் பயிற்றல் வேண்டுமென்னும் பேச்சு சங்கக் கூட்டந்தோறும் எழுகின்றது. தையற்பொறி வாங்கித் தந்தால் அக்கருமம் முடிந்ததென்று கருதுவாரும் உளர். இத்துறையில் முன்னையோர் செய்துகாட்டியதொன்றை ஈண்டு எடுத்துரைப்பாம்.

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்னும் மாளிகை உளது. இஞ்ஞான்று விவேகானந்தர் இல்லம் என்பர். அமெரிக்காவினின்று கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்தற்கு 1842-இல் எழுந்தது அது. வெயில் காயும் சென்னைக்குப் பனிக்கட்டி விற்றவர்தம் துணிவை என்னென்பேம்! அம்மாளிகையே பிற்காலத்துக் கைம்பெண்கள் தங்கிப் பயிலும் விடுதியாயிற்று. அதனை நடாத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்.

1886-இல் பிறந்த அவர், சிறுமியாயிருக்கும்போதே மணமும் கைம்மையும் எய்தினார். மாகாணக் கல்லூரியிற் பயின்று 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்றபின், தம்மையொத்த சிறுமியர் சிலரைத் தம்மோடு வைத்துக் கற்பிக்கத் தொடங்கினார். சென்னை அரசாங்கத்தாரும் பொருளுதவி புரிந்தனர். அம்மையார் தெரிந்தெடுத்தது ஆசிரியத் தொழில். பெண்பள்ளிகள் பெருகிவந்த காலம் அது. ஆசிரியைகளோ மிகச் சிலர். ஆதலின் கற்றவளுக்கு வேலை காத்திருந்தது. கற்குங்கால் உணவும் உறையுளும் விடுதியே தந்தது. இவ்விரண்டுமே அம்முயற்சியின் உயிர்நிலை என்பது எம் துணிபு. 1922-இல் தோன்றிய லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கும் அவரே தலைவியானார்.

குறையும் உண்டு. அரசாங்க விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கென்றே அமைந்தது. ஏனைக் குலத்து ஏழை மகளிர் வாயிற்புறத்தே நின்றனர். இதனை மறைத்தெழுதுதல் வரலாறாகாது. ஆயினும் அம்மையார் முதுமையிலும் ஓய்ந்திலர். 1954-இல், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் இந்திய மாதர் சங்கத்தார் மகளிர்க்கும் குழந்தைகட்கும் நலநிலையம் அமைத்தபோது உடனின்று உழைத்தார். தேனுபுரீசுவரர் கோயில் கொண்ட அவ்வூர் நம் செங்கற்பட்டு மாவட்டத்ததே.

இனி நம் கடற்கரைக்கு வருவாம். மாமல்லையில் 1957-இல் அரசினர் சிற்பப் பயிற்சிக்கூடம் நிறுவினர். கல்தச்சர் பட்டறைகள் அவ்வூரிலேயே உள. கொள்வோரும் நாடோறும் வருவர். தையலுக்கோ அத்தகு வாய்ப்பு யாண்டுளது? கூடை சுமந்து மீன் விற்கும் தாயொருத்தி ஒருநாள் பயிலச் சென்றால், அன்றைய வருவாய் போயிற்று. ஆகலின் பொறி வாங்குமுன், தைத்ததைக் கொள்வார் யாவர், பயிலும் திங்கள்களில் அவள்வீட்டு அடுப்பு எதனால் எரியும் என்னும் இரண்டிற்கும் நம் நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திற் கணக்குக் காட்டுவாராக.