ஊரின் செல்லப்பெயர்

யப்பானிய நகரங்கள் பலவற்றுக்குப் பட்டப்பெயர்கள் உண்டு. கி.பி. 794 முதல் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மன்னர் வீற்றிருந்த கியோட்டோவுக்கு 'ஆயிரமாண்டுத் தலைநகர்' என்று பெயர். எடோ காலத்திற் சிற்றரசர்களின் அரிசி வந்து குவிந்து விலையான ஒசாக்காவோ 'நாட்டின் அடுக்களை'. நம்மவரும் இதிற் சளைத்தவரல்லர். மதுரை தூங்கா நகரம். மட்டக்களப்பு மீன்பாடும் தேன்நாடு. தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் சிவகாசி, குட்டி யப்பான்.

இவை பெருமை பேசும் பட்டங்கள். தமிழர் தம் ஊரை அழைக்கும் இன்னொரு முறையும் உண்டு. பிள்ளையைச் செல்லமாய்க் கூப்பிடுவதுபோற் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது. தஞ்சாவூர் தஞ்சையாகும். எங்கள் கரவெட்டி கரவையாகும். வல்வெட்டித்துறை வல்வை; மாவிட்டபுரம் மாவை; நல்லூர் நல்லை. இலக்கணகாரர் இதனை மரூஉ என்பர். நன்னூலார் இதனைப் பிழையென்று தள்ளாமல், இயல்பு வழக்கு மூன்றில் ஒன்றாகவே வைத்தார்.

பட்டம் ஊரைப் புகழும்; மரூஉ ஊரை ஆளோடு சேர்த்துக் கட்டும். அதனாலேயே எங்கள் எழுத்தாளர் பலர் அதனைத் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டனர். கரவெட்டியை அடுத்த நெல்லியடியின் க. பேரன், 'நெல்லை க. பேரன்' என்றே கதை எழுதினார். புத்தூரின் கவிஞர் புதுவை இரத்தினதுரை ஆனார். காரைநகர் சுந்தரம்பிள்ளை, காரை செ. சுந்தரம்பிள்ளை.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. தமிழகத்தாருக்கு நெல்லை என்றால் திருநெல்வேலி. புதுவை என்றால் புதுச்சேரி. காரை என்றாற் காரைக்குடி நினைவுக்கு வரலாம். ஊரவர் ஊரோடு இருந்தவரை இதில் ஐயம் எழவில்லை. 1980களிலிருந்து போர் எங்களைக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்குமாகச் சிதறடித்தது. அங்கே பிறந்த பிள்ளை, பாட்டனாரின் புத்தக அடுக்கில் 'நெல்லை' என்ற அட்டையைக் கண்டால் எந்த ஊரை நினைக்கும்? வரைபடத்தை விரித்தாலும் விடை கிடையாது. செல்லப்பெயர்கள் வரைபடத்தில் ஏறுவதில்லை. ஓர் எழுத்தாளர் தம் பெயரோடு காத்துவைத்த ஊர், அதே பெயராலேயே வேறோர் ஊருக்குக் கைமாறிப் போகலாம்.

செல்லப்பெயரைக் கைவிடச் சொல்லவில்லை. அதில் இருக்கும் உறவு முழுப்பெயரில் இல்லை. நூல் பதிப்பிப்போரிடமும் மலர் தொகுப்போரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அட்டையில் நெல்லை என்றே இருக்கட்டும். உள்ளே ஒரு வரி சேருங்கள்: நெல்லியடி, வடமராட்சி, யாழ்ப்பாணம்.